தட்டு அகல ஓவியத்தில் ஓர் அக்கா

வாஷிங்டன் நேஷனல் கேலரிக்கு முதல்முறை போனபோது நான் தேடிப் போன ஓவியம் சுவரில் இல்லை. பிரெஞ்சு ஓவியர் பெர்த் மோரிசோ 1872-ல் தன் அக்கா எட்மாவையும் அவர் மகள் ழானையும் வரைந்த வாட்டர்கலர் அது. காகிதத்தில் போட்ட நீர்வண்ணம் வெளிச்சம் பட்டுப் பட்டு வெளிறிவிடும், எண்ணெய் ஓவியம் மாதிரி வருஷம் முழுக்க மாட்டி வைக்க முடியாது, முன்கூட்டியே நேரம் வாங்கினால் தனி அறையில் எடுத்துக் காட்டுவார்கள் என்று அங்கிருந்த பெண்மணி சொன்னார். சரி என்று எழுதிக் கேட்டு, அப்புறம் ஒருநாள் லீவு போட்டுப் போனேன்.

இவ்வளவு சின்னதா! சுமார் 25 சென்டிமீட்டர், கிட்டத்தட்ட சதுரம், நாம் சாப்பிடுகிற தட்டு அகலம்தான். குனிந்து பார்த்தால் வண்ணத்துக்கு அடியில் பென்சில் கோடு. அம்மாவும் பிள்ளையும் உட்கார்ந்திருக்கிறார்கள், அவ்வளவுதான். நானும் வாட்டர்கலர் போடுகிறவள், என் மகனை உட்காரவைத்து வரையப் பார்த்திருக்கிறேன், முதல் பூச்சு காய்வதற்குள் அவன் எழுந்து ஓடிவிடுவான், காயாமல் அடுத்ததை வைத்தால் எல்லாம் கலங்கிவிடும், தப்பை மேலே பூசி மறைக்கவும் வழியில்லை. அந்த வேகத்தில் இந்த அமைதியை எப்படிப் பிடித்தார் என்று பிரமித்துப்போனேன்.

ஆனால் ரொம்ப நேரம் பார்த்தது எட்மாவைத்தான். அவரும் ஓவியர். அக்கா தங்கை இருவரும் ஒன்றாகப் பயின்றவர்கள், பாரிஸின் அதிகாரபூர்வ ஓவியக் கண்காட்சியான சலோனில் 1864-ல் இருவர் படங்களும் இருந்தன. வரைந்துகொண்டிருக்கும் தங்கையை எட்மா தீட்டிய படம்கூட உண்டு. 1869-ல் கடற்படை அதிகாரி ஒருவரைக் கல்யாணம் செய்துகொண்ட பிறகு வரைவதை விட்டுவிட்டார். மூன்று வருஷத்தில் இடம் மாறிவிட்டது, இப்போது தங்கை கையில் பிரஷ், அக்கா எதிரே. தங்கை எங்கே தண்ணீர் கூட்டுகிறாள், எங்கே காகிதத்தின் வெள்ளையை அப்படியே விடுகிறாள் என்பதெல்லாம் எட்டிப் பார்க்காமலே அவருக்குத் தெரிந்திருக்கும் என்றுதான் எனக்குத் தோன்றியது. 1874-ல், கணநேர வெளிச்சத்தையும் வண்ணத்தையும் பிடிக்க முயன்ற இம்ப்ரெஷனிஸ்ட் ஓவியர்களின் முதல் கண்காட்சியில் பெர்த் வாட்டர்கலர்களையும் வைத்தார். எட்மா அதில் இல்லை.

நேரம் முடிந்ததும் ஓவியத்தை எடுத்துவைக்கப் போனார்கள். இன்னொரு தடவை பார்க்கலாமா என்று கேட்டேன். மறுபடியும் என் முன்னால் வைத்தார்கள்.