கடை வாகன நிறுத்துமிடத்தில் மாற்றுத்திறனாளிகளுக்கு எத்தனை இடங்கள் ஒதுக்க வேண்டும்?

கேள்வி:
டெக்சஸில் 40 கார்கள் நிற்கும் வளாகத்துடன் ஒரு பழைய கடையை மளிகை வியாபாரத்துக்காகக் குத்தகைக்கு எடுத்திருக்கிறோம். மாற்றுத்திறனாளிகளுக்கென ஒரே ஓர் இடம்தான் உள்ளது. அதையொட்டிய கோடிட்ட பகுதியில் தள்ளுவண்டிகளை அடுக்கியிருக்கிறார்கள். சட்டப்படி இது போதுமா?

மறுமொழி 1:
போதாது. அமெரிக்க மாற்றுத்திறனாளிகள் சட்டத்தின் 2010ஆம் ஆண்டு விதிகளின்படி, 25 இடங்கள் வரை ஒன்றும், 26 முதல் 50 வரை இரண்டும் ஒதுக்க வேண்டும். அவற்றில் குறைந்தது ஓர் இடம் வேன் நிற்கத்தக்கதாக, 11 அடி அகலமும் பக்கத்தில் 5 அடி கோடிட்ட வழியும், அல்லது 8 அடி அகலமும் 8 அடி கோடிட்ட வழியும் கொண்டிருக்க வேண்டும். வேனிலிருந்து சக்கர நாற்காலியை இறக்கும் சாய்பலகை அந்த வழியில்தான் விரியும் என்பதால், தள்ளுவண்டிகளை இன்றே அகற்றிவிடுங்கள்.

மறுமொழி 2:
தரையில் சின்னம் வரைந்தால் மட்டும் போதாது. அறிவிப்புப் பலகையின் கீழ்விளிம்பு தரையிலிருந்து 60 அங்குலமாவது உயர்ந்திருக்க வேண்டும். ஒப்பந்ததாரர்கள் நடைபாதைச் சாய்தளத்தை அந்தக் கோடிட்ட வழிக்குள்ளேயே நீட்டிக் கட்டிவிடுவதுண்டு, அதுவும் விதிமீறலே.

மறுமொழி 3:
பழைய கட்டடம் என்பதால் விலக்கு கிடையாது. பெருஞ்செலவின்றிச் செய்யக்கூடிய மாற்றங்களைச் செய்தே ஆக வேண்டும். கட்டட உரிமையாளர், குத்தகைதாரர் இருவருமே பொறுப்பாளிகள். செலவை யார் ஏற்பது என்பதைக் குத்தகை ஒப்பந்தத்தில் எழுதிக்கொள்ளலாம். ஆனால் அது சட்டப் பொறுப்பிலிருந்து உங்களை விடுவிக்காது.