வெற்றிடக் கசிவா, கள்ளக்காற்றா?

அன்புள்ள குழுவினருக்கு,

வணக்கம். தொழிற்பயிற்சி மாணவர்களுக்காக நாம் தமிழாக்கும் கார் பழுதுநீக்கக் கையேட்டில் ‘வேக்குவம் லீக்’ (ஓட்டை வழியே எஞ்சினுக்குள் வெளிக்காற்று நுழையும் பழுது) என்பதற்கு ‘வெற்றிடக் கசிவு’ என்று போட்டு அந்த அத்தியாயத்தை முடித்துவிடலாம் என்று குழுவில் ஓர் ஐயா நேற்று எழுதியிருந்தார். தயவுசெய்து முடித்துவிட வேண்டாம். அந்தச் சொல் படிக்கிறவனைத் தவறான இடத்துக்கு அனுப்பிவிடுகிறது. போன வாரம் அதை நேரில் பார்த்துவிட்டுத்தான் எழுதுகிறேன்.

எங்கள் தெருமுனைப் பட்டறையில் மெக்கானிக் படிப்பின் இரண்டாம் ஆண்டு மாணவன் ஒருவன் மாலையில் வேலை பழகுகிறான். வரைவின் அந்தப் பக்கத்தை அச்செடுத்து அவன் கையில் கொடுத்தேன். ‘வெற்றிடக் கசிவு இருக்கிறதா என்று சோதிக்கவும்’ என்ற வரியை வாய்விட்டுப் படித்தான். பிறகு எதிரே நின்ற காரின் எஞ்சினுக்கு அடியில் கையை விட்டுத் தடவினான். விரல்களை வெளியே எடுத்து விளக்கடியில் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, “ஈரம் இல்லை சார், கசிவு எதுவும் இல்லை” என்றான்.

பையன் மேல் குற்றமே இல்லை. ஆயில் கசியும், ரேடியேட்டர் தண்ணீர் கசியும், மண்பானை கசியும். உள்ளே இருப்பது மெல்ல வெளியே வந்தால்தான் தமிழில் அது கசிவு. நாம் பேசும் பழுதில் வெளியே வருவது எதுவுமே இல்லை. வெளிக்காற்று உள்ளே போகிறது, அவ்வளவுதான். ஆங்கிலச் சொல்லே இந்த இடத்தில் இடறியிருக்கிறது. அந்த இடறலையும் சேர்த்து மொழிபெயர்க்க வேண்டிய கட்டாயம் நமக்கு இல்லை.

சொல்லைத் தேடுவதற்கு முன் நடப்பதைச் சொல்லிவிடுகிறேன். ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்தால், எஞ்சினுக்குக் காற்று போகும் வழியைத் திறந்து மூடும் திராட்டில் தகடு ஏறக்குறைய மூடிக்கொள்கிறது. பிஸ்டன்களோ காற்றை இழுத்துக்கொண்டே இருக்கின்றன. அதனால் இன்டேக் மேனிஃபோல்டுக்குள் (திராட்டிலைத் தாண்டிய காற்றை எஞ்சினுக்குப் பிரித்துவிடும் குழாய்த்தொகுதி) அழுத்தம் வெளிக்காற்றின் அழுத்தத்தில் சுமார் மூன்றில் ஒரு பங்காக விழுந்துவிடுகிறது. அந்த நேரத்தில் வழியில் எங்கே துளை இருந்தாலும் காற்று பாய்ந்து நுழையும். 1,300 சிசி எஞ்சினுக்கு ஒரு தோராயக் கணக்குப் போட்டுப் பார்த்தேன். நிமிடத்துக்கு 850 சுற்று ஓடும்போது அது நிமிடத்துக்குச் சுமார் 190 லிட்டர் காற்று குடிக்கும். 3 மில்லிமீட்டர் ஓட்டை ஒன்றின் வழியே மட்டும் 55 லிட்டருக்கு மேல் நுழைய முடியும். கிட்டத்தட்ட மூன்றில் ஒரு பங்கு! அதே கார் நெடுஞ்சாலையில் ஆக்சிலரேட்டரை முழுக்க அழுத்திப் போகும்போது திராட்டில் திறந்திருக்கும். உள்ளேயும் வெளியேயும் அழுத்தம் ஏறக்குறைய ஒன்றாகிவிடுவதால் அந்த ஓட்டை இருக்கும் இடமே தெரியாது. சாலையில் நல்ல பிள்ளையாக ஓடிய வண்டி சிக்னலில் நின்றதும் உதறுவதற்குக் காரணம் இதுதான்.

என் காரும் அப்படித்தான் படுத்தியது. 2002இல் வாங்கிய பெட்ரோல் வண்டி. நின்ற இடத்தில், எஞ்சின் சுற்றைக் காட்டும் டேகோமீட்டர் முள் 1,000க்கும் 1,800க்கும் இடையே ஏறி ஏறி இறங்கும். ஒரு பட்டறையில் பிளக்குகளை மாற்றினார்கள், திராட்டில் பாடியைக் கழுவினார்கள், கடைசியில், வண்டி நிற்கும்போது எஞ்சினுக்குக் காற்றை அளந்துவிடும் ஐடில் வால்வையே புதிதாகப் போட்டார்கள். மூன்று முறை பணம் கொடுத்தேன், முள் அடங்கவில்லை. பிறகு வேறொரு பட்டறையில் ஒரு பெரியவர் இரண்டடி ரப்பர் குழாயின் ஒரு முனையைக் காதில் வைத்துக்கொண்டு, மறுமுனையை எஞ்சின் மேல் மெல்ல நகர்த்திக்கொண்டே போனார். ஓர் இடத்தில் கை நின்றது. “காற்று இழுக்கிறது” என்றார். பிசிவி வால்விலிருந்து (எஞ்சினுக்குள் சேரும் ஆவியை மறுபடி எரிக்க அனுப்பும் வால்வு) மேனிஃபோல்டுக்குப் போகும் வளைந்த ஹோஸ் அது. மேலே பார்த்தால் புதிதுபோல இருந்தது. அடிப்புறம் ஆயில் ஆவியில் ஊறி மெத்தென்று ஆகி, விரல் நகம் அளவுக்கு வெடித்திருந்தது. விரலை வைத்து அதை மூடினார். முள் இறங்கி 850இல் உட்கார்ந்தது. விரலை எடுத்தார், மறுபடி ஏறியது. ஹோஸின் விலை நூறு ரூபாய்கூட இல்லை.

அவர் சொன்ன சொல்லைக் கவனியுங்கள். ‘கசிகிறது’ என்று சொல்லவில்லை, ‘இழுக்கிறது’ என்றார். அந்தச் சொல்லை நான் சிறுவயதிலேயே கேட்டிருக்கிறேன். எங்கள் தோட்டத்துக் கிணற்றில் பம்புசெட் ஓடியும் தண்ணீர் ஏறாத நாட்களில் அப்பா அதைத்தான் சொல்வார். பம்பின் டெலிவரிப் பக்கத்தில் ஓட்டை விழுந்தால் தண்ணீர் வெளியே பீச்சும், குழந்தைகூடக் காட்டிவிடும். உறிஞ்சும் பக்கத்தில் விழுந்தால் ஒரு சொட்டும் வெளியே தெரியாது. சக்‌ஷன் குழாயின் இணைப்புகளைச் சைக்கிள் டியூப்பால் இறுக்கிச் சுற்றி, சாணியைக் கரைத்து ஊற்றிய பிறகுதான் பம்பு தண்ணீர் எடுக்கும். கார் எஞ்சினில் நடப்பதும் அச்சு அசலாக இதுவே. பம்புசெட் பார்த்து வளர்ந்த ஒரு மாணவனுக்கு ‘காற்று இழுக்கிறது’ என்றால் மேற்கொண்டு விளக்கம் தேவைப்படாது. அவன் கை தானாக இணைப்புகளைத் தேடிப் போகும்.

ஆகவே வினைச்சொல் பிரச்சினை இல்லை, அது மக்கள் வாயிலேயே இருக்கிறது. நமக்கு வேண்டியது பெயர்ச்சொல். ‘காற்றிழுப்பு’ என்று வைக்கலாமா என்று முதலில் நினைத்தேன். ஆனால் எஞ்சின் முறையாகக் காற்றை இழுப்பதும் இழுப்புதான், இரண்டும் குழம்பிவிடும். குழுவில் ஓர் அம்மா முன்மொழிந்த ‘புறக்காற்று’ எனக்குப் பிடித்திருந்தது. ஆனால் ஃபில்டர் வழியாக ஒழுங்காக வருவதும் வெளியிலிருந்து வரும் காற்றுதானே! ‘கணக்கில் வராக் காற்று’ என்பதை இன்னும் கொஞ்சம் விரிவாகப் பார்க்க வேண்டும், அதில் பாதி உண்மை இருக்கிறது.

சில கார்களில் வரும் காற்றை அளக்க நுழைவாயிலிலேயே ஒரு மானி உண்டு. அதற்குப் பின்னால் நுழையும் காற்று மானியின் கண்ணில் படாது. கணினி குறைவாகப் பெட்ரோல் தருகிறது. 1 கிலோ பெட்ரோலுக்கு 14.7 கிலோ காற்று என்ற கணக்குக் குலைகிறது, எஞ்சின் இடையிடையே எரியாமல் மிஸ் ஆகிறது. அங்கே ‘கணக்கில் வராக் காற்று’ சரியாகப் பொருந்தும். என் கார் போன்றவற்றிலோ அப்படிப்பட்ட மானி இல்லை. மேனிஃபோல்டின் அழுத்தத்தைப் பார்த்துக் கணினி காற்றை ஊகிக்கிறது. ஓட்டை வழியே வந்த காற்றும் அந்த அழுத்தத்தில் சேர்ந்துவிடுவதால் அதற்கும் பெட்ரோல் கிடைத்துவிடுகிறது. எஞ்சின் உதறுவதற்குப் பதிலாகச் சுற்று ஏறுகிறது. காலை எடுத்தும் சுற்று இறங்காததால், வண்டி சரிவில் இறங்குகிறது என்று கணினி எண்ணிப் பெட்ரோலை நிறுத்துகிறது. சுற்று விழுந்ததும் மறுபடி கொடுக்கிறது. முள் ஏறி இறங்கியது அதனால்தான். இங்கே காற்று கணக்கில் வந்துவிட்டது. வந்த வழிதான் தவறு.

இரண்டு வகைக்கும் பொதுவானது ஒன்றே: வாசல் வழியாக வராமல் சுவரில் துளையிட்டு வந்த காற்று. அதனால்தான் ‘கள்ளக்காற்று’ என்று முன்மொழிகிறேன். கள்ளச்சாவி, கள்ள ஓட்டு, கள்ளச்சாராயம் என்று முறையான வழியைத் தவிர்த்த எதற்கும் நாம் தயங்காமல் சேர்க்கும் முன்னொட்டு அது. ‘கள்ளக்காற்று இழுக்கிறது’, ‘கள்ளக்காற்று நுழையும் இடம்’, ‘கள்ளக்காற்றுச் சோதனை’ என்று எப்படி வளைத்தாலும் ஒடியவில்லை. ஜெர்மன்காரர்களும் இதை ‘ஃபால்ஷ்லுஃப்ட்’ என்கிறார்கள், பிழையான காற்று என்று பொருள். அவர்களும் வெற்றிடத்தை விட்டுவிட்டுக் காற்றைத்தான் பிடித்திருக்கிறார்கள்.

‘கள்ளம்’ என்பது ஒழுக்கத்தைக் குறிக்கும் சொல், பாடநூலுக்குக் கண்ணியமாக இராது என்ற மறுப்பு வரும் என்று தெரியும். கள்ள ஓட்டில் வாக்குச்சீட்டு மற்ற சீட்டுகளைப் போன்றதே, அது பெட்டிக்குள் போன விதத்தில்தான் குறை. இந்தக் காற்றும் எல்லாரும் சுவாசிக்கும் அதே காற்றுதான். இந்த நுட்பத்தை இவ்வளவு சுருக்கமாகச் சொல்லும் வேறு சொல் எனக்கு அகப்படவில்லை. ஒருவருக்கு அகப்பட்டால் என் முன்மொழிவை நானே திரும்பப் பெறுவேன்.

அதே அத்தியாயத்தில் ‘ஐடில்’ என்பதற்குச் ‘செயலற்ற வேகம்’ என்று நிற்கிறது. அதை இன்றே நீக்கிவிடுங்கள். எஞ்சின் எரிந்து, சுழன்று, ஆல்டர்னேட்டரையும் ஏசியையும் இழுத்துக்கொண்டிருக்கும்போது அதைச் செயலற்றது என்று எப்படிச் சொல்வது? ‘நிலையோட்டம்’ என்றால் ஒரே சீரான வேகத்தில் ஓடுவதாகப் பொருள்படும். வண்டி நிற்க எஞ்சின் மட்டும் ஓடுவதால் ‘நின்றோட்டம்’ எனலாம். ‘வண்டி ஸ்லோவில் நிற்கவில்லை’ என்று பட்டறையில் சொல்லும் அந்த ‘நிற்பது’ம் இதில் இருக்கிறது.

சோதிக்கும் முறையிலும் ஒரு திருத்தம். ஓட்டையைத் தேடக் கார்புரேட்டர் கிளீனரைப் பீய்ச்சிப் பார்க்கச் சொல்லும் வரிக்கு முன்னால், சூடான சைலன்ஸர் குழாயில் அது பட்டால் தீப்பிடிக்கும் என்ற எச்சரிக்கை வேண்டும். மாணவர்களுக்குத் தண்ணீர்த் தெளிப்பானும் காதில் வைக்கும் ரப்பர் குழாயுமே போதும். மேனிஃபோல்டிலிருந்து பிரேக் பூஸ்டருக்கு (பிரேக் மிதிப்பதை இலேசாக்கும் கருவி) போகும் ஹோஸை இடுக்கியால் மெல்ல நெரித்துப் பார்ப்பதையும், வண்டி நின்ற நிலையில் மட்டும் என்று சேர்த்து எழுத வேண்டும்.

திருத்திய பக்கத்தை வரும் சனிக்கிழமை அதே மாணவனிடம் கொடுக்கப் போகிறேன். ‘கள்ளக்காற்று இழுக்கிறதா என்று சோதிக்கவும்’ என்று படித்ததும் அவன் கை எங்கே போகிறது என்பதைப் பார்த்து ஞாயிற்றுக்கிழமை எழுதுகிறேன். அதுவரை அந்த அத்தியாயத்தை அச்சுக்கு அனுப்பாமல் வைத்திருங்கள்.

அன்புடன்,
பொள்ளாச்சியிலிருந்து உங்கள் குழு உறுப்பினர்