புதுப்பிப்பு: மும்பை மழையைப் படமெடுப்பது

"கொட்டுகிற மழையில் எடுத்தாலும் படத்தில் மழையே தெரியவில்லை, என்ன செய்யலாம்?" என்று போன மாதம் கேட்டிருந்தேன். மழைக்குப் பின்னால் வெளிச்சம் இருக்கட்டும் என்று பலரும் சொன்னீர்கள். அதுதான் சரி.

மாட்டுங்கா பூக்கடைகள் பக்கம் சாயங்காலம் போய்ப் பார்த்தேன். கடை பல்போ, எதிரே வரும் டாக்சியின் முகப்பு விளக்கோ மழைக்குப் பின்னால் இருந்து, அதையும் தாண்டி இருட்டான மரமோ சுவரோ இருந்தால் ஒவ்வொரு துளியும் மின்னுகிறது. வெளுத்த வானம் பின்னணியானால் மழை கரைந்துபோகிறது. ஷட்டர் வேகத்தை 1/60 வினாடி வைத்தால் துளிகள் கோடுகளாக நீள்கின்றன, 1/1000 வைத்தால் அப்படியே நின்றுவிடுகின்றன. எனக்குக் கோடுகள்தான் பிடித்திருக்கின்றன. இந்த ஊர் மழையின் வேகம் அதில்தான் தெரிகிறது.

கேமராவை ஏசி அறையிலிருந்து நேராக வெளியே கொண்டுபோனால் லென்ஸில் ஆவி படியும். அதை மூடிய பையோடு வெளியே வைத்து, சூடு சமமான பிறகு திறங்கள்.

அப்புறம், வளைந்த கடலோரச் சாலையான மரைன் டிரைவின் அலைகளைப் பற்றிக் கேட்டவர்களுக்கு: கடல் 4.5 மீட்டருக்கு மேல் ஏறும் நாட்களில் தயவுசெய்து கடலோரச் சுவர் பக்கம் போகாதீர்கள். சாலையின் எதிர்ப்பக்கம் நின்று, வளைவு நெடுகப் பார்த்து டெலி லென்ஸில் (தூரத்தில் இருப்பதைப் பெரிதாக்கிக் காட்டும் லென்ஸ்) எடுங்கள். அலையும் தூரத்துக் கட்டடங்களும் நெருங்கி வரும், அலை இன்னும் பெரிதாகவே தெரியும்.

அடுத்து தாராவி 90 அடி சாலையில் எடுக்க ஆசை. அங்கே கடை விளக்குகள் எப்போது எரியத் தொடங்கும் என்று அந்தப் பக்கத்துக்காரர்கள் சொல்லுங்களேன்.