கட்டுநாயக்காவில் ஏழு மணி நேரம்: வெளியே போகலாமா, உள்ளேயே கிடக்கலாமா?

பெட்டிதூக்கி:
போன வியாழன் சென்னையிலிருந்து கொழும்பு வழியாக மாலே போனேன். விடிகாலை 4 மணிக்குக் கட்டுநாயக்கா விமான நிலையத்தில் இறக்கிவிட்டார்கள், அடுத்த விமானம் 11 மணிக்கு. கூட வந்தவர்கள் நாற்காலியில் கோணிக்கொண்டு தூங்க ஆரம்பித்தார்கள். நான் முத்திரை குத்திக்கொண்டு வெளியே வந்து, ஆட்டோ பிடித்து நீர்கொழும்புக்குப் போய்விட்டேன். பத்து கிலோமீட்டர்தான். இருட்டு பிரிவதற்குள் மீன் ஏலம் போடும் இடத்தில் நின்றேன்.

காயல் கடலோடு சேரும் இடத்தை ஒட்டி அந்தச் சந்தை. ஈரத் தரையில் சூரை மீன்களை வரிசையாகக் கிடத்தியிருந்தார்கள். மரக்கட்டை முன்னால் குந்தியிருந்த ஒருவர் அரை ஆள் நீள மீனை மூன்றே வெட்டில் துண்டாக்கி, வாளித் தண்ணீரை அடித்து ஊற்றிவிட்டு அடுத்ததை இழுத்தார். பக்கத்து மணலில் பெண்கள் உப்பில் ஊறிய மீனைக் கூடை கூடையாகக் கொண்டுவந்து பரப்பினார்கள். குனிந்தால் குனிந்தபடியே ஒரு பாய் முழுக்க முடித்துவிட்டுத்தான் நிமிர்கிறார்கள்.

நான் கடலைப் பார்த்துக்கொண்டு சூரிய உதயத்துக்காகக் காத்திருந்தேன். ஆட்டோக்காரர் தோளைத் தட்டிப் பின்பக்கம் காட்டினார். மேற்குக் கரை! ஆறு மணியை ஒட்டி வெளிச்சம் ஊருக்குப் பின்னாலிருந்து வந்தது.

இவ்வளவு பக்கத்தில் இதை வைத்துக்கொண்டு உள்ளே உட்கார்ந்து செல்போனைத் தேய்ப்பவர்களைப் பார்த்தால் பாவமாக இருக்கிறது. ஒரே குறை, பெயர்ப்பலகைகளில் தமிழ் இருக்கிறது, ஆனால் சந்தையில் ஒரு சொல் கூடத் தமிழ் காதில் விழவில்லை.

கணக்குப்பிள்ளை:
எங்களுக்காகப் பாவப்பட வேண்டாம் தம்பி. கணக்கைப் பாருங்கள். 4 மணிக்குத் தரையிறங்கினால் வரிசையெல்லாம் முடித்து வெளியே வர 5. 11 மணி விமானத்துக்கு 9 மணிக்குள் திரும்ப வேண்டும். மிச்சம் நாலு மணி நேரம், போக வர ஒரு மணி நேரம். இது எல்லாம் ஒழுங்காக நடந்தால். முதல் விமானம் ஒரு மணி நேரம் தாமதம் என்றால் உங்கள் சூரிய உதயம் ஆட்டோவுக்குள்தான்.

இன்னொன்று, விமான நிலையத்தைச் சுற்றி 1978-இலிருந்து சுதந்திர வர்த்தக வலயம் இருக்கிறது. காலையில் தையல் ஆலைகளுக்குப் போகும் பெண்கள், அவர்களை ஏற்றி வரும் பேருந்துகள் என்று சாலை நிறைந்துவிடும். நிலையத்துக்குள் நுழையும்போது வாசலிலேயே பெட்டியை எக்ஸ்ரேயில் போட வேண்டும், விமானம் ஏறுவதற்கு முன் மறுபடி ஒரு சோதனை. உள்ளேயே இருந்தவனுக்கு முதல் சோதனை வரிசை கிடையாது.

சொந்த அனுபவம்தான். சில வருடம் முன்பு உங்களைப் போலவே துள்ளிக்கொண்டு போனேன். திரும்பும்போது மழை, ஒரு சந்திப்பில் நாற்பது நிமிடம் நின்றோம். கவுன்டரை மூடிவிட்டார்கள். புது டிக்கெட் எடுத்த காசுக்கு வருடம் முழுக்க மீன் சாப்பிட்டிருக்கலாம். வெளியே வர இந்தியர்களுக்கு முன்கூட்டியே இணையத்தில் எடுத்த பயண அனுமதி (ETA) வேண்டும், அந்த விதியும் அடிக்கடி மாறுகிறது. அதைச் சொல்லாமல் “போங்கள், போங்கள்” என்றால் எப்படி?

பெட்டிதூக்கி:
அண்ணா, ஏழு மணி நேரம் என்றுதானே தலைப்பே வைத்தேன்? நாலு மணி நேரம் இருப்பவரை யார் போகச் சொன்னது? நான் எட்டேகாலுக்குத் திரும்பிவிட்டேன். அனுமதி விஷயம் சரி, அதை எழுதியிருக்க வேண்டும். மற்றபடி ஒரு தடவை மழையில் மாட்டியதற்காக ஒரு ஊரையே தள்ளிவைப்பது அநியாயம்.

கரையூரான்:
நான் நீர்கொழும்பில் பிறந்தவன், இப்போது தோஹாவில் வேலை. மூன்று விஷயம் சொல்ல வேண்டும்.

தம்பி வியாழக்கிழமை போனதால் தப்பினீர்கள். ஞாயிறு போயிருந்தால் வெறும் தரைதான். எங்கள் ஆட்கள் வேதக்காரர், கத்தோலிக்கர்; ஞாயிற்றுக்கிழமை கடலுக்குப் போகமாட்டார்கள். சின்ன ரோமாபுரி என்று சும்மாவா பெயர்? மே முதல் செப்டெம்பர் வரை தென்மேல் பருவக்காற்று, கடல் முரடாக இருக்கும், கருவாடு காயவும் வெயில் ஒழுங்காகக் கிடைக்காது.

அடுத்தது உங்களுக்குக் கோபம் வரலாம். அந்தப் பாய் தும்புப்பாய், தேங்காய் நாரில் பின்னியது. அதில் மீன் பரப்புகிற பெண்களில் என் அத்தையும் ஒருவர். இரவு மூன்று மணிக்கு எழும்பிப் போகிறவர். காலமையில் வான் வானாக வந்து இறங்கி, பாய்க்கு மேல் சப்பாத்துக் காலை வைத்து, முகத்துக்கு நேரே கமராவைப் பிடித்துவிட்டுப் போகிறார்கள். “நிமிராமல் வேலை செய்கிறார்கள்” என்று நீங்கள் ரசித்தீர்கள் அல்லவா? நிமிர்ந்தால் படம் எடுப்பார்கள், அதுதான் நிமிர்வதில்லை என்று அத்தை சொல்லுவார். பகிடி பாதி, உண்மை பாதி.

2021-இல் எக்ஸ்-பிரஸ் பேர்ல் கப்பல் எரிந்து பிளாஸ்டிக் மணிகள் எங்கள் கரையில் குவிந்தன, மீன்பிடிக்கத் தடை போட்டார்கள். அப்போது இதே பெண்கள் என்ன சாப்பிட்டார்கள் என்று கேட்க ஒரு வானும் வரவில்லை.

மூன்றாவது, தமிழ். கேட்கவில்லை என்றால் நீங்கள் கேட்ட இடம் பிழை. ஏலம் சிங்களத்தில்தான் போகும். ஆனால் கரையில் பழைய ஆட்கள் தங்களுக்குள் கதைக்கும் தமிழ் ஒன்று இருக்கிறது. அதில் “நான் போனேன், அவன் போனான்” என்று முடிவு மாறுவது பெரும்பாலும் இல்லை, பேச்சுச் சிங்களத்தைப் போல எல்லோருக்கும் ஒரே முடிவுதான். சென்னைக் காதுக்கு அது சிங்களமாகவே விழுந்திருக்கும். பள்ளிக்கூடமும் பூசையும் சிங்களத்துக்குப் போன பிறகு பிள்ளைகள் அதை விட்டுவிட்டார்கள். என் அப்பா வலை இழுக்கும்போதும் ஏசும்போதும் அந்தத் தமிழ்தான், எங்களோடு சிங்களம்.

பெட்டிதூக்கி:
அந்தத் தமிழ் விஷயம் எனக்குச் சுத்தமாகத் தெரியாது, நன்றி அண்ணா. ஆனால் நான் பாயில் கால் வைக்கவில்லை. ஒரு கிலோ கருவாடு வாங்கினேன், தேநீர் குடித்தேன், இரண்டே படம், அதுவும் படகை. பார்க்கவே வரக்கூடாது என்கிறீர்களா?

கணக்குப்பிள்ளை:
ஒரு கிலோ கருவாட்டோடு விமானத்தில் ஏறினீர்களா? பக்கத்து இருக்கைக்காரருக்கு என் அனுதாபம்.

மெரினாக்காற்று:
கரையூரான் அண்ணா, உங்கள் வருத்தம் புரிகிறது. ஆனால் எங்கள் சென்னைக் காசிமேடு மீன் சந்தையில் விடியற்காலையில் பாதிக் கூட்டம் எங்களை மாதிரி வேடிக்கை பார்க்க வருவதுதான். “ஏம்மா, ஓரம் போ” என்று ஒரு அதட்டல் போடுவார்கள், நாங்களும் ஓரம் போவோம், போகும்போது ரெண்டு கிலோ வஞ்சிரம் வாங்குவோம். பார்ப்பதே குற்றம் என்றால் எந்த ஊருக்கும் யாரும் போக முடியாதே?

கரையூரான்:
வஞ்சிரத்தை நாங்கள் அறக்குளா என்போம், தங்கச்சி. நீங்கள் காசிமேட்டுக்கு அடுத்த கிழமையும் போவீர்கள். அதட்டினவரின் முகம் உங்களுக்குத் தெரியும், உங்கள் முகம் அவருக்குத் தெரியும். ஏழு மணி நேரக்காரர் திரும்ப வரமாட்டார். அதுதான் வித்தியாசம். வர வேண்டாம் என்று நான் சொல்லவே இல்லை. வந்தால் வாங்குங்கள், வழியை மறைக்காதீர்கள், “எடுக்கலாமா” என்று கேட்டுவிட்டுப் படம் எடுங்கள்.

சந்தைக்குக் கிட்ட ஒரு கல் வளைவு இருக்கிறதே, 1678 என்று பொறித்தது, ஒல்லாந்தர் (டச்சுக்காரர்) கோட்டையின் வாசல். அதன் முன் நின்று கையை விரித்துப் படம் எடுக்கிறவர்கள் எத்தனை பேர் தெரியுமா? உள்ளே இருப்பது சிறைச்சாலை. கைதியைப் பார்க்க வந்த குடும்பம் பக்கத்தில் நிற்கும், இவர்கள் சிரித்துக்கொண்டு நிற்பார்கள். அறியாமல் செய்வதுதான். ஆனால் பக்கத்தில் நிற்பவர் யார் என்று திரும்பிப் பார்க்க எவ்வளவு நேரம் எடுக்கும்?

பெட்டிதூக்கி:
...அந்த வளைவில் எடுத்த படம்தான் என் முகப்புப் படமாக இருந்தது. மாற்றிவிட்டேன். முதலில் இரண்டே படம் என்று எழுதியதும் பொய்தான், இதோடு மூன்று.

சொதிப்பிரியை:
இவ்வளவு சண்டையில் சாப்பாட்டைப் பற்றி ஒருவரும் மூச்சு விடவில்லையே. நான் கனடாவிலிருந்து வரும்போதெல்லாம் கணக்குப்பிள்ளை அண்ணை மாதிரித்தான், தூரம் போகமாட்டேன். ஆனால் உள்ளேயும் கிடக்கமாட்டேன். ஐந்து நிமிட ஓட்டோ தூரத்தில், வலயத்துப் பிள்ளைகள் சாப்பிடுகிற சின்னக் கடை ஒன்று. ஆவி பறக்க இடியப்பம், பருப்பு, கட்டச்சம்பல். பக்கத்து மேசையில் மூன்று பிள்ளைகள் அடையாள அட்டையைக் கழுத்தில் போட்டுக்கொண்டு, ஒரே பிளேன்டீயைப் பங்குபோட்டுக் குடித்துவிட்டு ஓடினார்கள். படம் எடுக்க ஒன்றுமில்லாத இடம். எனக்கு அது போதும்.

கணக்குப்பிள்ளை:
ஐந்து நிமிடம் என்றால் என் கணக்கிலும் ஒத்துவருகிறது. மீன் சந்தைக்கு மட்டும் என் ஓட்டு இல்லை, இன்னமும் இல்லை. கடையின் பெயர்?

சொதிப்பிரியை:
பெயர்ப்பலகை இல்லை அண்ணை. கூட்டம் நிற்கும், அதுதான் அடையாளம்.

மெரினாக்காற்று:
எனக்கு அடுத்த மாதம் அங்கே எட்டு மணி நேரம் இருக்கிறது. கிழமையைப் பார்த்தால் ஞாயிறு! கரையூரான் அண்ணா, இப்போது என்ன செய்ய?

கரையூரான்:
சந்தையை மறந்துவிடுங்கள் தங்கச்சி. கடற்கரைக்கு மட்டும் போங்கள், படகெல்லாம் மேலே இழுத்துக் கிடக்கும், காகமும் நாயும்தான் காவல். அத்தையைத் தேட வேண்டாம், பூசைக்குப் போயிருப்பார்.