கொட்டாய்க் குடும்பம் குழு (மலேசியா): எந்தக் கிடாரியை ஏத்துறது?

தினேஷ் (காலை 8:14): மாமா, கூலிம் வந்துட்டேன். பண்ணைக்காரர் நாலு சினைக் கிடாரியைத் தனியா கட்டி வச்சிருக்காரு

[4 படங்கள்]

தினேஷ்: இடது பக்கத்துல இருந்து மயிலை, செவலை, காரி. கடைசியில சின்னதா நிக்கிறது புள்ளி. எதை எடுத்தாலும் 6,500 வெள்ளியாம். பேசினா குறையும்னு தோணுது

கலா: அந்த மயிலை என்ன அழகுலா!! திமிலைப் பாருங்க, உடம்பு எப்படி மினுக்குது. அண்ணே அதையே ஏத்துங்க

ராஜன்: என் ஓட்டும் மயிலைக்குத்தான் 👍

சேகர்: பசியாறிட்டு வர்றேன். அதுக்குள்ள யாரும் முன்பணம் குடுத்துடாதீங்க

சேகர் (காலை 8:51): தினேஷு, எல்லாமே பக்கவாட்டுப் படமா இருக்கு. பொண்ணு பார்க்கவா போயிருக்கே? பின்னாடி நின்னு எடு. அப்புறம் நடக்க விட்டு வீடியோ. கயித்தைப் பிடிச்சு இழுக்காதே, தானா நடக்கணும்

தினேஷ்: மயிலை பின்னாடி போனா உதைக்க வருது மாமா

சேகர்: அதையும் மனசுல வச்சுக்கோ

கலா: புது ஆளைப் பார்த்து மிரளுதுண்ணே. பாவம்

பவானி: மிரள்றது வேற, உதைக்கிறது வேற அத்தை. ஈனும்போது பக்கத்துல ஆள் போகணும். கன்னு குறுக்க இருந்தா கை விட்டு எடுக்கணும். தினேஷ், முதல்ல ஒண்ணு சொல்லு. சினைன்னு டாக்டர் கைபோட்டுப் பார்த்துச் சொன்னாரா, இல்ல பண்ணைக்காரர் வாய்ச்சொல்லா?

தினேஷ்: நாலுக்கும் டாக்டர் பார்த்திருக்காரு, கார்டுல இருக்கு. செவலைக்கு பிப்ரவரி 12 சினை ஊசி. புள்ளிக்கு மார்ச் கடைசி, அதுவும் ஊசிதான். மயிலைக்கு மே 3. காரி காளையோட விட்டதாம், தேதி தெரியலை

பவானி: பிப்ரவரி 12-னா 283 நாள் கணக்குல நவம்பர் 22. பிரம்மன் இன மாட்டு ரத்தம் கலந்திருந்தா ஒரு வாரம் போல தள்ளும். மயிலை அடுத்த பிப்ரவரிக்குத்தான்

ராஜன்: ரெண்டு மூணு மாசம் முன்னப் பின்ன. அதுல என்ன மச்சான் இருக்கு?

சேகர்: அதுலதான் மாப்ளே இருக்கு. ஒரே கொட்டாய், ஒரே தீனி. ஒண்ணு பிப்ரவரியில பிடிச்சுது, ஒண்ணு மே வரைக்கும் இழுத்துச்சு. தலை ஈத்துக்கே இழுக்கிற மாடு ரெண்டாவதுக்கு இன்னும் இழுக்கும். கன்னுக்குப் பால் குடுக்கணும், தானும் வளரணும், திரும்பச் சினையும் பிடிக்கணும். அந்த ரெண்டாவது சினையிலதான் நிறைய கிடாரி கழிஞ்சு போகுது. தினேஷு, மயிலைக்கு எத்தனையாவது ஊசியில நின்னுச்சு?

தினேஷ்: மூணாவது

சேகர்: செவலைக்கு?

தினேஷ்: முதல் ஊசி

சேகர்: பாதி வேலை முடிஞ்சுது. பல்லைப் பாரு

தினேஷ் (காலை 9:20): செவலை நாலு பல்லு. மயிலை ரெண்டு முளைச்சிருக்கு, அடுத்த ஜோடி ஈறுல தெரியுது. புள்ளியும் நாலு. காரி ஆறு பல்லு மாமா

சேகர்: ஆறா? நல்லா பார்த்தியா?

தினேஷ்: [படம்]

சேகர்: அப்ப அது மூணு வயசைத் தாண்டிடுச்சு. இத்தனை நாள் ஏன் ஈனலை? சினை நிக்காம இருந்திருக்கும், இல்ல குறையில கன்னு வீசியிருக்கும். ரெண்டுமே நமக்கு வேணாம். என்ன பதில் சொல்றாருன்னு மட்டும் கேட்டுட்டு வா

தினேஷ்: "எங்க அப்பா காலத்துல வாங்கினது"ன்னு சிரிக்கிறாரு 😅

[வீடியோ 0:52]

[வீடியோ 0:47]

பவானி: அப்பா, காரியோட பின்னங்காலைப் பார்த்தீங்களா? முட்டியில மடிப்பே இல்லை, தூண் மாதிரி நேரா இருக்கு. அடி குட்டையா வைக்குது

சேகர்: பார்த்தேன். நம்ம இடம் செம்பனை (எண்ணெய்ப்பனை) காடு, மாடு நாள் முழுக்க நடந்து மேயணும். இந்தக் காலு ரெண்டு வருஷத்துல வீங்கிடும். காளை வந்து ஏறும்போதும் தாங்காது. காரி கணக்குல இல்லை

சேகர்: இப்ப செவலை வீடியோவை நிறுத்தி நிறுத்திப் பாருங்க, 0:31-ல. கொட்டாய் வாசல்ல சேறு இருக்கு. முன்னங்குளம்பு பதிஞ்ச அதே குழியில பின்னங்குளம்பு வந்து விழுது. முட்டியில லேசா ஒரு வளைவு, ரெண்டு விரலும் ஒரே அளவு, கத்திரி மாதிரி ஒண்ணு மேல ஒண்ணு ஏறலை. நான் இதுக்குத்தான் காசு குடுப்பேன்

கலா: ஆனா பார்க்க சாதாரணமாத்தானே இருக்கு அண்ணே. மயிலை பக்கத்துல நின்னா செவலையைக் கண்ணு பார்க்கவே மாட்டேங்குது

பவானி: மயிலை மினுக்குறது கொழுப்பு அத்தை. வாலடியில ரெண்டு பக்கமும் மேடு தட்டியிருக்கு பாருங்க, விலா ஒண்ணுகூடத் தெரியலை. உடம்புக்கு 1-லிருந்து 9 வரை மார்க் போடுவோம். கிடாரி ஈனும்போது 6 பக்கத்துல இருந்தா போதும், இது இப்பவே 7-க்கு மேல. விக்கிறதுக்காக பிகேசி (செம்பனைக் கொட்டை) புண்ணாக்கு நல்லா போட்டிருக்காங்க. கொழுப்பு உள்ளேயும் சேரும், கன்னு வர்ற வழியை அடைக்கும். சின்ன வயசுலயே இப்படி ஏத்தியிருந்தா மடியிலயும் கொழுப்புதான், பால் கம்மி

கலா: அப்ப தீனியைக் குறைச்சிட்டா சரியாயிடும்தானே?

பவானி: கடைசி மூணு மாசத்துல மட்டும் பட்டினி போட்டுடாதீங்க. கன்னு வளர்றது பெரும்பாலும் அப்பத்தான். நம்மாளுங்க நிறைய பேரு, கன்னு சின்னதா இருந்தா சுலபமா ஈனும்னு தீனியை நிறுத்திடுவாங்க. தாய்க்கு முக்கத் தெம்பு இருக்காது, சீம்பாலும் குறையும், கன்னும் சோர்ந்து பொறக்கும்

ராஜன்: மயிலை ஒரிஜினல் நம்ம ஊரு மாடு மாதிரியே இருக்கு மச்சான், அதான் எல்லாருக்கும் பிடிக்குது

சேகர்: மயிலை பிரம்மன் இனம், அமெரிக்காவுல உருவாக்கினது. ஆனா ஓங்கோல், கிர் எல்லாம் இந்தியாவுல இருந்து போன ரத்தம்தான். அதனால முகம் அப்படி இருக்கும். வெயில் தாங்கும், உண்ணிக்கும் சுலபத்துல அசையாது. இனத்தைக் குறை சொல்லலை, இந்த ஒரு கிடாரியைச் சொல்றேன்

தினேஷ்: செவலை பிராக்மாஸ்னு சொல்றாரு

சேகர்: மார்டி, நம்ம விவசாய ஆராய்ச்சி நிலையம், கொண்டுவந்தது. பிரம்மனும் இந்த ஊரு கெடா-கிளந்தான் மாடும் கலந்தது. செம்பனைக்கு அடியில மேய்க்க அதுக்கு மேல என்ன வேணும்

பாட்டி (காலை 10:05): [குரல் செய்தி 0:38]

பவானி: பாட்டி சொன்னதை நானே எழுதிடறேன், ராஜன் மாமா ஆபீஸ்ல கேட்க முடியாதுன்னு சொல்லுவாரு. "முதுகுல பாடைச்சுழி, அந்த ஆகாத மயிர்ச்சுழி, இருக்கான்னு பாருங்கடா. அப்புறம் கிடாரியை மட்டும் பார்த்துட்டு வராதீங்க, அதோட ஆத்தாளைப் பாருங்க. தாயைத் தண்ணித்துறையில பார்த்தா மகளை வீட்டுல பார்க்க வேணாம்"

ராஜன்: சுழியா 🤦 2020-க்கு அப்புறமுமா

சேகர்: சுழி பார்க்கிறதுல காசு ஒண்ணும் செலவில்லை, அம்மா மனசுக்குப் பார்த்துடலாம். ஆனா ரெண்டாவது சொன்னது பெரிய வார்த்தை. தினேஷு, தாய் மாடுங்க அங்கேயே இருக்கா?

தினேஷ்: சுழி எதுலயும் இல்லை பாட்டி, தடவிப் பார்த்துட்டேன். செவலையோட தாய் இருக்கு, பின்கொட்டாய்ல. மயிலை தாய் இங்க இல்லை, அது வெளியில வாங்கினதாம்

[படம்]

சேகர்: இதை எல்லாரும் பெருசு பண்ணிப் பாருங்க. வயசான மாடு, ஆனா மடி பின்னங்கால் முட்டிக்கு மேலயே நிக்குது, தொங்கலை. காம்பு நாலும் விரல் பருமன், இடம் விட்டு நேரா இறங்குது. பொறந்த கன்னு வாய் வச்சா உடனே பிடிக்கும். காம்பு பாட்டில் மாதிரி தடிச்சிருந்தா கன்னு சுத்திச் சுத்தித் தவிக்கும். கிடாரிக்கு மடி இன்னும் இறங்கலை, அதை வச்சு ஒண்ணும் சொல்ல முடியாது. தாயை வச்சுத்தான் சொல்லணும்

தினேஷ்: அது வருஷம் தவறாம ஈனுதுன்னு வேலைக்காரப் பையன் சொல்றான். முதலாளி இல்லாதப்போ கேட்டேன்

சேகர்: கெட்டிக்காரன்

ராஜன்: சரி செவலை உறுதி. லோரி வாடகை ஒண்ணுதானே, ரெண்டா ஏத்தினா லாபம். ரெண்டாவது எது?

சேகர்: எனக்குப் புள்ளி

பவானி: எனக்கு இல்லப்பா. புள்ளிக்கு எந்தக் காளையோட விந்து போட்டாங்கன்னு பார்த்தீங்களா? தினேஷ் கார்டைத் திருப்பி எடு

தினேஷ்: சாரோலே

பவானி: அதான் பயந்தேன். புள்ளி பார்க்க முக்காவாசி கெடா-கிளந்தான். அந்த இனமே சின்ன உடம்பு, கன்னும் சின்னதாத்தான் போடும். அதுக்குள்ள பெரிய உடம்பு சாரோலே இனத்துக் கன்னு, அதுவும் தலை ஈத்து. ராத்திரி ரெண்டு மணிக்கு வயித்தைக் கிழிக்க ஆளைத் தேடி ஓடணும்

சேகர்: அந்தக் கலப்புலதான் மார்டி சாரோக் இனத்தைக் கொண்டுவந்தாங்க. கலப்பே தப்புன்னு சொல்ல முடியாதும்மா

பவானி: கலப்பு தப்பில்லை, முதல் கன்னுக்குத் தப்பு. ரெண்டு ஈத்து ஆனதுக்கப்புறம் போட்டிருந்தா நான் வாயே திறக்க மாட்டேன்

சேகர்: புள்ளியோட பின்பக்கப் படத்தைப் பாரு. வாலுக்கு ரெண்டு பக்கமும் இருக்கிற ஊசி எலும்புக்கு நடுவுல நல்ல அகலம். சப்பையில இருந்து வால் பக்கம் லேசா சரிவும் இருக்கு, கன்னு வழுக்கி இறங்கும். குணம் தங்கம், தினேஷ் வாயில கைவிட்டு பல்லு பார்த்தப்பகூட அசையலை. ஒரு ஈத்து சமாளிச்சிட்டா பத்து வருஷம் இருக்கும். மயிலையோட உதைக்கிற குணம் எத்தனை ஈத்து ஆனாலும் போகாது

பவானி: வெளியே அகலம் தெரியுறதை வச்சு உள்வழியைச் சொல்ல முடியாதுப்பா. அந்த ஒரு ஈத்துலயே மாடும் கன்னும் போயிட்டா பத்து வருஷம் எங்க இருக்கு?

கலா: அப்ப நடுவுல மயிலை 🙋‍♀️

சேகர்: கலா…

கலா: என் பணமும் இருக்குல்ல அண்ணே, ஒரு வார்த்தை சொல்லக்கூடாதா? அதோட ஒண்ணு. பொறக்குற காளைக்கன்னு எல்லாம் ஹஜ்ஜுப் பெருநாளுக்குத்தான் போகும்னு தெரியும், அம்மா காதுல அதைப் போடாதீங்க. போன வருஷமே ரெண்டு நாள் சாப்பிடலை

சேகர்: அம்மாவுக்குத் தெரியும். தெரியாத மாதிரி இருக்காங்க

பாட்டி: [குரல் செய்தி 0:04]

பவானி: "ம்ம். கேட்டுச்சு"

ராஜன்: 😬

சேகர் (பகல் 12:30): சரி, இப்படி வச்சுக்குவோம். செவலை மட்டும் இப்ப. இன்னொண்ணு அவசரமில்லை. நவம்பர்ல நிபோங் திபால்ல மழை கொட்டும், ஈனுற மாடு ஒண்ணு இருந்தா மேட்டுக் கொட்டாய்ல காய்ஞ்ச இடத்துல வச்சுப் பார்த்துக்கலாம். ரெண்டு மூணுன்னா சேத்துல படுத்து மடி கெட்டுடும். புள்ளி ஈன்ற பிறகு, தாயும் கன்னுமா விக்கிறாரான்னு கேளு

பவானி: அதுக்கு நானும் சரி. ஆனா ரத்தப் பரிசோதனை? புருசெல்லா பார்த்திருக்காங்களா? சினை மாடு வாங்கும்போது அது இல்லாம முடியாது. ஒரு மாடு கன்னு வீசினா போதும், மத்ததுக்கெல்லாம் பரவும், நஞ்சுக்கொடியைத் தொடுற நமக்கும் வரும்

தினேஷ்: பார்த்திருக்காங்களாம், பேப்பர் இருக்கு. ஆனா தேதி போன வருஷம்

பவானி: போன வருஷம் அது சினையே இல்லை. புதுசா எடுக்கச் சொல்லு. கோமாரித் தடுப்பூசி, லம்பி ஸ்கின் (தோல் கழலை நோய்) ஊசி, ரெண்டும் எப்ப போட்டதுன்னு கேளு. 2021-ல லம்பி இந்த நாட்டுக்கு வந்தப்ப கொட்டாய் கொட்டாயா பரவினது ஞாபகம் இருக்குல்ல. நம்ம இடத்துக்கு வந்ததும் மத்த மாட்டோட சேர்க்காம தனியா கட்டணும்

சேகர்: கெடாவுல இருந்து பினாங்குக்குக் கொண்டுவர கால்நடை இலாகா பெர்மிட்டும் வேணும். ரத்த ரிசல்ட் வந்து, பெர்மிட் கைக்கு வந்தாத்தான் லோரி. தினேஷு, 200 வெள்ளி முன்பணம் குடுத்து ரசீது வாங்கிக்கோ. ரிசல்ட் சரியில்லைன்னா பணம் திரும்பணும்னு அதுலயே எழுதச் சொல்லு

தினேஷ்: சரி மாமா. காது நம்பரைப் படம் எடுத்துட்டேன், மாத்தி ஏத்த முடியாது

ராஜன்: மச்சான் ஒரு சின்ன விஷயம். லோரிக்காரனை நாளைக்குக் காலையில வரச் சொல்லிட்டேனே

சேகர்: அப்ப நீங்க ஏறி வாங்க மாப்ளே, உங்களுக்குப் பெர்மிட் வேணாம்