கல்விச் செலவின் விலை உயர்வைக் கணக்கிடுவதில் ஒரு சிக்கல், உதவுங்கள்

வணக்கம். பிள்ளை படிப்பது கோவையில் ஒரு மெட்ரிக் பள்ளி. 2019 ஜூன் முதல் கல்விச் செலவை எக்செலில் தனிக் குறியீட்டெண்ணாக (விலை எவ்வளவு மாறியது என்று காட்டும் எண்) போட்டு வருகிறேன். 2023 ஜூனில் கணக்கு உடைகிறது.

8-ஆம் வகுப்புக்கு 2022-23-இல் டெர்ம் ஃபீஸ் 14,000 வீதம் மூன்று, கம்ப்யூட்டர் ஃபீஸ் 3,000, ஸ்மார்ட் கிளாஸ் 2,500. 2023-24-இல் எல்லாம் ஒரே ரசீதில், டெர்முக்கு 18,000. அதுவரை கடையில் 1,900-க்கு வாங்கிய நோட்டுகளும் இதில் அடக்கம்.

முயன்றவை: டெர்ம் ஃபீஸை மட்டும் ஒப்பிட்டால் உயர்வு 28.6%. மூன்று கட்டணத்தையும் சேர்த்தால் 13.7%, நோட்டையும் சேர்த்தால் 9.3%. பிள்ளை மேல் வகுப்புக்குப் போவதால் கூடும் கட்டணம் விலையேற்றம் ஆகாது என்பதால் இரு ஆண்டும் 8-ஆம் வகுப்புக் கட்டணத்தையே எடுத்தேன். வேன், யூனிஃபார்ம் இதில் இல்லை. அரசு நுகர்வோர் விலைக் குறியீட்டெண்ணின் 2012 அடிப்படை ஆண்டுத் தொடரில் அவை போக்குவரத்திலும் உடையிலும் போய்விட்டன. அந்தத் தொடரில் கல்விக்கான நகர்ப்புற எடை (மொத்தச் செலவில் அதன் பங்கு) 5.62 சதவீதம் மட்டுமே. அதனால் அரசுக் குறியீட்டெண்ணோடு ஒப்பிட்டும் பிழையைப் பிடிக்க முடியவில்லை. ஸ்மார்ட் கிளாஸ் கட்டாயமில்லாமல் இருந்தது, இப்போது கட்டாயம். இதுதான் குழப்பத்தின் வேர்.

விருப்பக் கட்டணம் கட்டாயக் கட்டணத்துக்குள் சேர்ந்துவிட்டால், பழைய தொகுப்பின் மொத்தத்தோடு ஒப்பிட வேண்டுமா, அல்லது 2023 ஜூனில் புதுப் பொருளாக வைத்துச் சங்கிலி முறையில் (பழைய தொடரின் முடிவிலிருந்து புதுத் தொடரைத் தொடர்வது) இணைக்க வேண்டுமா?