பெரிய சைஸ் உடைகள்: சரக்கு எடுக்க யோசனை சொல்லுங்கள்

வணக்கம். பெரிய சைஸ் பெண்களுக்கென்றே ஒரு துணிக்கடை தொடங்கப் போகிறேன். சரக்கு எடுப்பதில்தான் தடுமாற்றம். வருகிற சாம்பிள்களில் பல, சின்ன சைஸ் பேட்டர்னை அப்படியே பெரிதாக்கித் தைத்தவை. தோள் இறங்கித் தொங்குகிறது, ஆனால் மேல்கையில் துணி இறுக்கிப் பிடிக்கிறது. மார்புப் பக்கம் பட்டன்களுக்கு நடுவே இடைவெளி விடுகிறது. 3எக்ஸ்எல் என்ற லேபிளை நம்பவே முடியாது, ஒவ்வொரு தயாரிப்பாளரிடமும் ஒரு அளவு. டேப் வைத்து அளந்துதான் பார்க்கிறேன்.

அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்: முதல் ஆர்டரில் எந்த சைஸை எவ்வளவு எடுப்பீர்கள்? தொடை உரசும் இடத்தில் சீக்கிரம் தேயாத பேன்ட் துணி எது? அப்புறம், கறுப்பும் தொளதொள உடையும்தான் ஓடும் என்று மொத்த வியாபாரிகள் அடித்துச் சொல்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடே இல்லை. பளிச்சென்ற நிறங்களை எடுத்து விற்றவர்கள் யாராவது இருக்கிறீர்களா?